கொர்பு மலைக்கு எந்தக் கேமரா, அதை எப்படிச் சுமப்பது?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் படித்துக் கொடுக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் நிக்கான் டி3500 கேமரா இருக்கிறது, கூட வந்த 18-55 லென்ஸும் இருக்கிறது. மூன்று மாதத்தில் நண்பர்களோடு குனோங் கொர்பு ஏறப் போகிறார், அடுத்த வருடம் கினாபாலு. பள்ளி வாசலில் நின்று பிள்ளைகள் தினமும் பார்க்கிற அந்த மலைத்தொடரை, மேலே போய்ப் படம் எடுத்து வந்து வகுப்பில் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் மூவாயிரம் வெள்ளி வைத்திருக்கிறார். ஒரு கடையில், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவும், குறைந்த வெளிச்சத்திலும் எடுக்க உதவும் 70-200 எஃப்2.8 லென்ஸும் இல்லாமல் மலைப்படம் எடுக்க முடியாது, மீதிப் பணத்தைத் தவணையில் கட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா, எதை எடுத்துப் போவது, எப்படிச் சுமப்பது என்பது கேள்வி.

வாங்காதீர்கள் டீச்சர். உங்கள் கையில் இருக்கும் கேமராவே போதும். மூவாயிரத்தையும் செலவழிக்க வேண்டியதில்லை. செலவழிப்பதையும் கேமராவுக்குக் கொடுக்காமல், அதைச் சுமக்கவும் ஈரத்திலிருந்து காக்கவும் கொடுங்கள். இருபது வருடமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறேன். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இந்த மலைகளில் ஏறுகிறேன். நல்ல கேமரா வைத்திருந்தும் படம் இல்லாமல் இறங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் எப்போதும் இரண்டில் ஒன்று. கேமரா பைக்குள் ஆழமாகக் கிடந்திருக்கும், இல்லையென்றால் நனைந்திருக்கும்.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். கொர்பு 2,183 மீட்டர். தீபகற்பத்தில் குனோங் தஹானுக்கு அடுத்த உயரம், நான்கு மீட்டர்தான் வித்தியாசம். தஞ்சோங் ரம்புத்தான், உலு கிந்தா பக்கமிருந்து ஏற்றம். ஓர் இரவாவது காட்டில் தங்க வேண்டும். கூடாரத்தில் உங்கள் பங்கு, தூங்கும் பை, சாப்பாடு, மாற்று உடை, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பத்துக் கிலோவுக்கு மேல் போய்விடும். கேமராவின் எடை இதற்கும் மேல்தான் வந்து உட்காரும்.

கடையில் காட்டிய ரகமான நிக்கான் 70-200 எஃப்2.8 லென்ஸ் மட்டுமே 1,430 கிராம். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் சுமப்பதற்குச் சமம். அதோடு ஃபுல் ஃபிரேம் பாடியும் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். உங்கள் டி3500 பேட்டரி, கார்டோடு 415 கிராம், 18-55 லென்ஸ் 205 கிராம். இரண்டும் சேர்த்து 620 கிராம்தான். இந்தச் சின்ன எடையை நீங்கள் குறையாக நினைக்க வேண்டாம். மலையில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது. என் கணக்கில், ஓர் இரவு தங்கும் மலைக்குக் கேமரா சம்பந்தப்பட்ட எல்லாமும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் நான்காவது மணி நேரத்தில் உங்களுக்கே கேமராவின் மேல் வெறுப்பு வந்துவிடும். வெறுப்போடு எடுத்த படம் நன்றாக வந்து நான் பார்த்ததில்லை.

எஃப்2.8 எதற்கு உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மனது ஆறும். மண்டப வெளிச்சத்தில் தாலி கட்டும் நேரம், விளையாட்டுப் போட்டி, இருட்டில் ஓடும் மிருகம், இவற்றுக்கு அது வேண்டும். நானே கல்யாணத்துக்கு அதைத்தான் தூக்குகிறேன். மலை ஓடுவதில்லை. முன்னால் இருக்கும் மரமும் பின்னால் இருக்கும் முகடும் இரண்டுமே தெளிவாக வர, லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்8 வைத்துத்தான் எடுக்கப் போகிறோம். எஃப்8-இல் சாதாரண லென்ஸும் நன்றாகவே கூர்மை காட்டும். பயன்படுத்தாத எஃப்2.8-க்காக ஒரு கிலோ கண்ணாடியை ஏன் மலையேற்ற வேண்டும்?

கேலன் ரோவெல் என்று ஒரு அமெரிக்க மலைப் படக்காரர் இருந்தார். லாசாவின் பொத்தாலா அரண்மனை மேல் வானவில் இறங்குவது போன்ற படத்தை 1981-இல் எடுத்தவர் அவர்தான். வானவில்லைப் பார்த்ததும், அது அரண்மனைக்கு நேராக வரும் இடத்தைத் தேடி அந்த உயரத்தில் ஓடியிருக்கிறார். சின்ன 35 எம்எம் கேமராவும் இலேசான லென்ஸ்களும் வைத்திருந்ததால்தான் ஓட முடிந்தது. மலையில் வெளிச்சம் நமக்காகக் காத்திருக்காது.

சரி, வாங்க வேண்டியது என்ன? ஒரே ஒரு லென்ஸ் சொல்வேன். நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர். எடை 415 கிராம். உங்கள் பாடி, இரண்டு லென்ஸ் எல்லாம் சேர்ந்து 1,035 கிராம் வரும். அந்த ஒற்றை 70-200-ஐவிடக் குறைவு. பழையது வாங்கலாம், தப்பில்லை. வாங்கும்போது கைபேசி விளக்கை லென்ஸுக்குள் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஆட்டம் தடுக்கும் விஆர் வசதிக்கு இந்த லென்ஸில் பொத்தான் இருக்காது, கேமரா மெனுவில் போய்த்தான் போட வேண்டும். விஆர் இல்லாத வகையும் இதே பெயரில் விற்கிறது, எழுத்தைச் சரிபார்த்து வாங்குங்கள்.

மலைக்கு எதற்குத் தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ், அகலமாக எடுக்கத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். நானும் முதல் சில வருடம் அப்படித்தான் நினைத்தேன். அகல லென்ஸில் தூரத்து மலை ஒரு சின்னக் கோடாகச் சுருங்கிவிடும், படம் முழுக்க வானமும் புல்லும்தான் இருக்கும். 200, 300 எம்எம்-இல் பிடித்தால் ஒரு முகட்டுக்குப் பின் இன்னொரு முகடு, அதற்குப் பின் இன்னொன்று என்று நீலம் வெளிறிக்கொண்டே போகும் அடுக்குகள் நெருங்கி வந்து நிற்கும். தித்திவாங்சா மலைத்தொடரின் அழகு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. நம் மலைகள் இமயத்தைப் போல வெறும் பாறையாகக் கூர்மையாக நிற்பவை அல்ல. உச்சி வரை காடு போர்த்தியவை. அவற்றை உயரத்தைக் காட்டிப் படம் பிடிப்பதைவிட அடுக்கைக் காட்டிப் பிடிப்பதே பொருத்தம்.

அகலம் வேண்டுமென்றால் உங்கள் 18-55 போதும். அதிலும் அடங்காத காட்சி வந்தால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கை மூடுகிற மாதிரி ஐந்தாறு எடுத்து, வீட்டில் கணினியில் ஒட்டிக்கொள்ளலாம். எல்லாப் படத்துக்கும் வெளிச்ச அளவை மேனுவலில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒட்டு தெரியும்.

ஃபில்டரில் ஒன்றே ஒன்று வாங்கலாம், போலரைசர். வானத்தை நீலமாக்குவதற்கு என்று விற்பார்கள். நம் காட்டில் அதன் பெரிய வேலை வேறு. மழை பெய்து நனைந்த இலை ஒவ்வொன்றும் வெள்ளையாகப் பளபளக்கும், பச்சை நிறம் செத்துவிடும். போலரைசரைச் சுழற்றினால் அந்தப் பளபளப்பு இறங்கி, பச்சை வெளியே வரும். பாசிக் காட்டில் இதைச் செய்து பாருங்கள். 70-300-க்கு வாய் 58 எம்எம், 18-55-க்கு 55. அதனால் 58-இல் ஒரு போலரைசர் வாங்கி, 55-லிருந்து 58-க்கு மாற்றும் வளையம் ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் ஆகும். வெளிச்சம் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

ட்ரைபாட் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கொர்புவுக்குப் பெரிய ட்ரைபாட் வேண்டாம் என்பது என் கருத்து. மரவேரைப் பிடித்து ஏறும் பாதையில் அது ஒவ்வொரு கிளையிலும் மாட்டும். உங்கள் கேமரா இலேசு, அதனால் கையளவு மேசை ட்ரைபாட் ஒன்று போதும். பாறை மேலோ விழுந்த மரத்தின் மேலோ வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு எடுக்கலாம். கினாபாலுவில் நட்சத்திரம் எடுக்க ஆசை இருந்தால் மட்டும் ஒரு கிலோ அளவில் ஒன்று யோசிக்கலாம். 18 எம்எம்-இல் உங்கள் சென்சாருக்குப் பதினெட்டு விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக வராது, கோடாகிவிடும். அப்புறம், உங்கள் 18-55 போன்ற ஏஎஃப்-பி ரக லென்ஸில் ஒரு சங்கதி உண்டு. கேமரா தூங்கப் போனாலோ அணைத்தாலோ, நீங்கள் இருட்டில் கஷ்டப்பட்டு வைத்த ஃபோகஸ் நகர்ந்துவிடலாம். நட்சத்திரம் எடுக்கும்போது அந்தத் தூங்கும் நேரத்தை மெனுவில் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயத்தில் டி3500 அதிர்ஷ்டம் செய்த கேமரா. ஒரு பேட்டரிக்கு 1,550 படம் என்பது நிக்கான் கொடுக்கும் கணக்கு. கூடுதலாக ஒன்று வைத்துக்கொண்டால் போதும், பவர்பேங்க் கைபேசிக்கு மட்டும். கார்டு இரண்டு.

இனிச் சுமப்பது. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைத்தேன்.

என் அம்மா பால்மரம் சீவியவர். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். காலையில் சேகரித்த பாலை இரண்டு வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு மேடு பள்ளம் எல்லாம் நடந்து வருவார். ஒரு வாளி நிறைந்தும் ஒன்று குறைந்தும் இருந்தால் நடக்க முடியாது என்பார். இரண்டையும் சமம் செய்த பிறகுதான் கம்பைத் தோளில் வைப்பார். ஒரு பக்கத் தோளில் கேமராப் பை தொங்கவிட்டு மலையேறும் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். சமதரையில் ஒரு மணி நேரம் அது தெரியாது. ஏற்றத்தில் அரை மணியில் இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும். வேரைத் தாண்டக் குனியும்போது கேமரா முன்னால் ஊசலாடி, பாறையில் இடிக்கும்.

அதனால் கழுத்தில் தொங்கும் வார் வேண்டாம், ஒற்றைத்தோள் பையும் வேண்டாம். 'கேமரா பேக்பேக்' என்று விற்கும் பைகளையும் விட்டுவிடுங்கள். அவற்றில் கேமராவுக்கு அறை அறையாக இடம் இருக்கும், சாப்பாட்டுக்கும் தூங்கும் பைக்கும் இருக்காது. பெரும்பாலானவற்றில் இடுப்பு வாரும் சும்மா பெயருக்குத்தான். நல்ல மலையேற்றப் பை ஒன்று வாங்குங்கள், 45 லிட்டர் அளவில், தடித்த இடுப்பு வார் உள்ளதாக. கடையில் வெறும் பையைப் போட்டுப் பார்க்காதீர்கள். எட்டுக் கிலோ எடை வைத்துப் போட்டு, இடுப்பு வாரை முதலில் இறுக்கி, அப்புறம் தோள்வாரை இழுங்கள். எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் உட்கார்ந்தால் அந்தப் பை உங்களுக்கானது. கனமான பொருள் முதுகை ஒட்டி, நடுவில் இருக்க வேண்டும். தூங்கும் பை அடியில். மழை ஜாக்கெட் மேலே.

கேமராவை அந்தப் பைக்குள் வைக்கக் கூடாது. அது முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பையின் தோள்வாரில் பூட்டும் கிளிப். பீக் டிசைன் செய்வது பிரபலம், எடை நூறு கிராமுக்குள். கேமராவின் அடியில் ஒரு தட்டு மாட்டி, அதைத் தோள்வாரில் சொருகினால் கிளிக்கென்று நிற்கும், ஒரு பொத்தானை அழுத்தினால் கையில் வரும். உங்கள் கேமரா இலேசாக இருப்பதால் தோள்வார் இழுபடாது. இரண்டாவது வழி, மார்புப் பை. முன்னால் இரண்டு தோள்வாரிலும் நான்கு கொக்கியில் மாட்டும் சின்னப் பை. முதுகில் பத்துக் கிலோ, முன்னால் ஒரு கிலோ என்பது நடைக்கும் நல்லது.

கொர்புவுக்கு நான் மார்புப் பையைச் சொல்வேன். காடு அடர்த்தி, கிளையும் முள்ளும் திறந்த கேமராவில் உரசும், மழை எந்த நேரமும் வரும். கிளிப் நல்ல சாதனம்தான். ஆனால் அது திறந்த மலைக்கு ஏற்றது, கேமரன் மலையின் பிரிஞ்சாங் போன்ற இடத்துக்கும் கினாபாலுவின் முதல் நாள் படிகளுக்கும். மார்புப் பை வாங்கும்போது, அது காலடியை மறைக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வேர்ப் பாதையில் உங்கள் கால் வைக்கும் இடம் உங்களுக்குத் தெரிய வேண்டும். மறைத்தால் இன்னும் சின்னது வாங்குங்கள். மாட்டியிருக்கும் லென்ஸோடு கேமரா மார்பில், மற்ற லென்ஸ் இடுப்பு வாரில் ஒரு சின்னப் பையில். பெரிய பையை இறக்காமலேயே லென்ஸ் மாற்ற முடிய வேண்டும், ஏனென்றால் களைத்த பிறகு யாரும் பையை இறக்குவதில்லை.

இனி ஈரம். வெளிநாட்டு மலைப்படக் குறிப்புகளைப் படித்தால் பனி, குளிர், உறைந்த விரல் என்றுதான் இருக்கும். நம் மலையில் கேமராவைக் கொல்வது நீர். டி3500-க்கு மழைத் தடுப்பு கிடையாது என்பதால் இதில் கவனம் அதிகம் வேண்டும். அந்த நீர் மூன்று வழியில் வரும்.

மழை எல்லோருக்கும் தெரிந்தது. மத்தியானத்துக்கு மேல் மேகம் திரண்டு மூன்று, நான்கு மணிக்குக் கொட்டும். பேராக்கில் ஏப்ரல், மே மாதமும் அக்டோபர், நவம்பரும் இன்னும் அதிகம். பையின் மேல் போடும் மழை உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கம் வழியாக நீர் இறங்கும். பைக்குள்ளேயே தடித்த கறுப்புக் குப்பைப் பை ஒன்றை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிவிடுங்கள். கேமராவுக்கு, நீர் புகாத சின்ன டிரை பேக் ஒன்று. படம் எடுக்கும்போது குளியல் தொப்பி ஒன்றைக் கேமராவின் தலையில் கவிழ்த்தால் தூறலைத் தாங்கும். காற்று இல்லாத காட்டில் மடக்குக் குடையைவிடச் சிறந்த மழைக்கவசம் இல்லை, நண்பர் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். லென்ஸ் ஹூட்டை எப்போதும் மாட்டியே வையுங்கள். குட் மார்னிங் துண்டு ஒன்று கழுத்தில், அது வியர்வைக்கு. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி மூன்று, ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் பையில். ஒரே துணி வைத்திருந்தால் முதல் மழையிலேயே அது நனைந்து, அப்புறம் லென்ஸில் நீரைத் தடவும்.

வியர்வை பலர் நினைக்காதது. மார்புப் பை சட்டையை ஒட்டிக் கிடக்கும், இரண்டு மணி நேரத்தில் அதன் பின்பக்கம் ஊறிவிடும். மழையே இல்லாத நாளில் கேமரா நனைந்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். மார்புப் பையின் பின்சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் செருகி வையுங்கள்.

மூன்றாவது, ஏர்கோன். காரில் குளிராக வந்த கேமராவை மலையடிவாரத்தில் இறங்கியதும் வெளியே எடுத்தால் லென்ஸ் கண்ணாடி முழுக்கப் புகை போல ஈரம் படியும். துடைத்தாலும் மறுபடி படியும். உள்ளே படிந்தால் துடைக்கவும் முடியாது. இறங்குவதற்கு அரை மணிக்கு முன்பே ஏர்கோனை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், கேமரா பைக்குள் இருந்தபடியே வெளிச்சூட்டுக்குப் பழகட்டும்.

இவை எல்லாம் அன்றைய நாளின் ஈரம். வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் தப்பு இன்னும் மோசமானது, அதை நான் செய்திருக்கிறேன். ஒரு முறை மலையிலிருந்து இறங்கிய களைப்பில், கேமராப் பையை அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அடுத்தடுத்துக் கல்யாண வேலை, அதற்கு வேறு கேமரா. இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், நான் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய லென்ஸுக்குள் ஓரத்திலிருந்து நடுவுக்கு வெள்ளை இழை படர்ந்திருந்தது. திறந்து சுத்தம் செய்து வாங்கினேன். ஆனால் பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் இன்றுவரை வெளிறித்தான் வருகிறது. அந்த லென்ஸை வைத்துத்தான் அம்மாவின் கடைசிப் படங்களை எடுத்தேன், அதனால் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது சதவீதத்துக்கு மேல். அறுபது, எழுபதைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதனால் உங்கள் மூவாயிரத்தில் முதலில் எடுத்து வைக்க வேண்டிய காசு, ஈரத்தைக் குறைத்து வைக்கும் பெட்டியான டிரை கேபினெட்டுக்கு. சின்னது போதும், நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்தில் வையுங்கள். அதற்கும் கீழே ரொம்ப இறக்கினால் ரப்பரும் மசகும் காய்ந்துவிடும். அது வாங்கும் வரை, மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பா ஒன்றில் சிலிகா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போட்டு வைத்தாலும் வேலை நடக்கும். ஜெல் நிறம் மாறினால் காய வைத்து மறுபடி போடலாம். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், அதன் தூள் உள்ளே போகும்.

கொசு, அட்டை விரட்டும் தைலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீட் என்ற மருந்து கலந்தவை பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். அதைத் தடவிய கையால் கேமராவைப் பிடித்தால் பிடியின் தோல் பிசுபிசுக்கும், திரையில் கறை விழும். புறங்கையால் பூசிக்கொள்ளுங்கள், உள்ளங்கையைக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள்.

கினாபாலுவுக்கு இதில் சில மாறும். நூறு வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிற மலைதான், 4,095 மீட்டர். டிம்போஹான் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் பானாலாபான் தங்குமிடம் வரை ஏறி, மறுநாள் விடியற்காலை இரண்டு, இரண்டரை மணிக்குத் தலைவிளக்கோடு உச்சிக்குக் கிளம்புவார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும், உச்சியில் விடிகாலைக் குளிர் பூஜ்ஜியத்தைத் தொட்டுப் பார்க்கும். காற்றில் உங்கள் நெஞ்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் அறுபது சதவீதம்தான். அங்கே ஒவ்வொரு நூறு கிராமும் பேசும். சுமைத்தூக்குபவர்கள் கிலோ கணக்கில் கூலிக்குத் தூக்குவார்கள், உடைப் பையை அவர்களிடம் கொடுங்கள், கேமராவை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயாட்-சாயாட் சோதனைச் சாவடிக்கு முன்னால் கயிறு பிடித்து ஏறும் இடம் வரும். அங்கே இரண்டு கையும் கயிற்றுக்குத்தான். மார்புப் பையைக் கழற்றிப் பெரிய பைக்குள் போட்டுவிடுங்கள், அந்த இருட்டில் எடுக்கப் படமும் இல்லை. பாறைத் தளத்துக்கு வந்த பிறகு வெளியே எடுக்கலாம். கூடுதல் பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி தீர்ந்தது போலக் காட்டும், சூடேறினால் மறுபடி உயிர் வரும். சூரியன் ஆறு மணி வாக்கில் எழும். எல்லோரும் கிழக்கே பார்த்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் ஒரு முறை மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேலும் கடல் பக்கமும் நீண்டு கிடக்கும். கழுதைக் காது என்ற இரட்டைச் சிகரத்தையும் 70-300-இல் பிடியுங்கள். 2015 ஜூன் 5-இல் வந்த நிலநடுக்கத்தில் அதில் ஒரு காது உடைந்தது, 18 உயிர்கள் போயின. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அது.

இறங்கி வந்து தங்குமிடத்தின் சூடான சாப்பாட்டு அறைக்குள் நுழையும் முன்பு கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள், ஈரம் பையின் வெளியே படியும். விமானத்தில் கூடுதல் பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. மலிவு விமானங்களில் கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள், அங்கேயும் உங்கள் சின்னக் கேமரா உங்களைக் காப்பாற்றும்.

கொர்பு போகும் முன் ஒத்திகை பாருங்கள். தண்ணீர் பாட்டில்களை வைத்து எடையைச் சரியாக்கி, மார்புப் பையோடு ஈப்போ கெலேடாங் குன்றில் இரண்டு மூன்று வாரம் ஏறி இறங்குங்கள். எந்த வார் உரசுகிறது, கேமரா எடுக்க எத்தனை விநாடி ஆகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பாசிக் காட்டில் பழக வேண்டுமென்றால், சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போய் பிரிஞ்சாங் ஏறலாம், 2,031 மீட்டர் வரை சாலையே போகிறது. பனிமூட்டத்தில் கேமரா ஏமாறும், வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத் திருத்தத்தை +0.7 அல்லது +1 வைத்து எடுத்துப் பாருங்கள். சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள்.

காலுக்கு விலை உயர்ந்த பூட்ஸ் கட்டாயமில்லை. நம் தோட்டத்து ஆட்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லமாகச் சொல்வார்களே, அதைப் போட்டுக்கொண்டு மலையோட்டக்காரர்கள் பந்தயமே ஓடுகிறார்கள். சேற்றில் நன்றாகப் பிடிக்கும், நீர் உடனே வடியும். கால் வழுக்காமல் இருப்பதுதான் கேமராவுக்கு முதல் காப்பு. கொர்புவுக்கு வனத்துறை அனுமதியும் மலிம் குனுங் வழிகாட்டியும் உங்கள் குழு ஏற்பாடு செய்திருக்கும், அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முகட்டில் இடி கேட்டால் எவ்வளவு நல்ல வானமாக இருந்தாலும் படத்தை விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும்.

திரும்பி வந்த இரவு, குளிப்பதற்கு முன்பே கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுங்கள். பேட்டரியைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, காற்றாடிக்குக் கீழே விரித்த துண்டில் லென்ஸ்களை ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் டிரை கேபினெட்டில் வையுங்கள். காலி பைகளை மறுநாள் வெயிலில் காயப் போடுங்கள்.

இன்னொன்று. லென்ஸ் வந்ததும், மலைக்குப் போகும் முன்பே, பள்ளி வாசலில் நின்று அந்த மலைத்தொடரை 300-இல் எடுங்கள். மலை நமக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் அது வெறும் கறுப்பு நிழலாகத்தான் வரும். மத்தியான மழை விட்ட பிறகு, மாலை ஐந்தரைக்கு மேல் பாருங்கள். காற்றில் தூசி கழுவப்பட்டிருக்கும், மேற்கு வெயில் நேராக மலைமேல் விழும், மடிப்பு மடிப்பாகத் தெரியும். அந்தப் படத்தை அச்சுப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து, மேலே எடுத்துப் போங்கள். மேகம் விலகினால் எந்த முகட்டில் நிற்கிறீர்கள், ஊர் எந்தப் பக்கம் என்று அதை வைத்தே கண்டுபிடித்து, கிந்தா சமவெளியைப் பார்த்துத் திருப்பி எடுக்கலாம். இரண்டு படத்தையும் வகுப்புச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.